‘பிழை பொறுக்கவும்’: குறை காண்பவரைக் குறிக்கும் ஒரு வங்கச் சொல்லைப் பற்றி

தென்கொல்கத்தாவில் லேக் மார்க்கெட்டை ஒட்டிய தெருவொன்றில் அறை எடுத்துத் தங்கி, முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் தமிழ்ப் பெண் ஒருவருக்குச் சென்ற மார்கழியில் ஒரு கட்டுரை மின்னஞ்சலில் வந்தது. அனுப்பியவள் இளங்கலை இறுதியாண்டு மாணவி. கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைத் தமிழ்ப்பெண். வீட்டுப் பேச்சு தமிழ். பள்ளிப் படிப்பு வங்கத்திலும் ஆங்கிலத்திலும். தமிழ் எழுத்தைப் பாட்டி சொல்லிக் கொடுத்துக் கற்றவள். அந்தப் பாட்டி அதற்கு முந்தைய கோடையில் இறந்துவிட்டார்.

கட்டுரையின் பொருள், தங்கள் வீட்டுத் தமிழில் கலந்துவிட்ட வங்கச் சொற்கள். பாட்டியின் வாய்மொழியாகக் கேட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த 62 சொற்களைப் பொருளோடும், அவை எந்தச் சூழலில் சொல்லப்பட்டன என்னும் குறிப்போடும் அவள் வரிசைப்படுத்தியிருந்தாள். மாணவர் கருத்தரங்கு ஒன்றில் படிப்பதற்கு அது ஏற்கப்பட்டிருந்தது. மின்னஞ்சலின் கடைசி வரி இது: “அக்கா, பிழை இருந்தால் பொறுக்கவும்.”

அக்கா பொறுக்கினார். ஓர் இரவு முழுவதும் அமர்ந்து 43 பிழைகளைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஓரக்குறிப்பு எழுதினார். வல்லினம் மிக வேண்டிய இடங்கள், ரகர றகர மயக்கம், வங்க உயிரொலிகளைத் தமிழில் எழுதுவதில் ஒருசீர்மை இன்மை, அடிக்குறிப்பில் பக்க எண் விடுபட்டது ஆகிய எதுவும் தப்பவில்லை. ‘பாட்டி சொன்னது’ என்று வந்த இடங்களில் ‘இது சான்று ஆகாது’ என்று எழுதினார். 17ஆம் சொல்லுக்கு, “காப்பியை எப்படிப் போட்டாலும் ஏதாவது சொல்லும் தாத்தாவைப் பாட்டி இப்படிச் சொல்வார்” என்று மாணவி பொருள் எழுதியிருந்தாள். அதனருகில், ‘இது எடுத்துக்காட்டு, வரையறை அன்று’ என்று குறித்தார். குறிப்புகளில் ஒன்றுகூடத் தவறானது இல்லை.

இரண்டு நாள் கழித்து மறுமொழி வந்தது. “நன்றி அக்கா. கருத்தரங்கிலிருந்து என் பெயரை எடுத்துக்கொண்டேன். இன்னும் நன்றாகத் தமிழ் படித்துவிட்டு எழுதுகிறேன்.”

அன்று மாலை தேநீரின்போது ஆய்வாளர் இதைத் தம்முடன் பயிலும் வங்கத் தோழியிடம் சொன்னார். பிழை திருத்தியதில் என்ன பிழை என்பது அவருடைய கேள்வி. தோழி சற்று யோசித்துவிட்டு, “நீ எழுதியதில் தப்பே இல்லை. ஆனால் நீ கொஞ்சம் குத்குத்தே” என்றார்.

மாணவியின் பட்டியலில் 17ஆம் சொல் அதுதான். ‘வரையறை அன்று’ என்று ஒதுக்கப்பட்ட அந்தச் சொல்லின் வரையறை எதுவென்று தேட, மறுவாரம் ஆய்வாளர் அலிப்பூரிலுள்ள தேசிய நூலகத்துக்குச் சென்றார்.

அவருடைய தேடலில் கிடைத்தவை ஆராய்ச்சி செய்யும் எவருக்கும் பயன்படக் கூடியவை.

தமிழில் எழுதும்போது ‘குத்’ என்று எழுத வேண்டியிருந்தாலும், வங்கத்தில் இச்சொல்லின் முதல் மெய் மூச்சோடு ஒலிக்கும். உகரம் மூக்கொலி பெறும். ‘குத்’ என்றால் குறை, மாசு, பழுது. துணியில் இழை பிசகிய இடமும் குத். பானையில் கண்ணுக்குத் தெரியாத கீறலும் குத். குறையே இல்லாததை ‘நிகுத்’ என்பார்கள். பிறர் குறையைக் கண்டு சொல்வது ‘குத் தரா’, அதாவது குறையைப் பிடித்தல். தமிழரின் காதில் இச்சொல் விழும்போது நம்முடைய ‘குத்து’ நினைவுக்கு வரும். ஆனால் ஒலி ஒத்திருப்பது ஒன்றே உறவுக்குச் சான்றாகாது.

இந்தக் ‘குத்’ இரட்டிக்கும்போது பொருள் ஓர் அடி நகர்கிறது. ‘மன் குத்குத் கரா’ என்றால் மனம் நிம்மதியின்றி உறுத்திக்கொண்டே இருத்தல். எல்லாம் சரியாக இருந்தும் எங்கோ ஏதோ சரியில்லை என்று தோன்றும் அரிப்பு அது. அந்த அரிப்பு இயல்பாகவே அமைந்துவிட்ட மனிதர்தாம் ‘குத்குத்தே’. ஆகவே இச்சொல் முதலில் சுட்டுவது பார்க்கப்படும் பொருளின் குறையை அன்று. பார்ப்பவரின் மன அமைதியின்மையையே. காப்பியில் குறை இருந்ததா என்பது தாத்தாவைக் குறித்த அந்தச் சொல்லுக்குத் தேவையே இல்லை. எப்படிப் போட்டாலும் அவர் ஏதாவது சொல்வார் என்பதுதான் தேவை. மாணவி எழுதியிருந்த பொருள், எடுத்துக்காட்டின் உருவில் இருந்த துல்லியமான வரையறை.

இரட்டித்து வரும் இத்தகைய சொற்கள் தமிழருக்குப் புதியவை அல்ல. தொல்காப்பியம் இரட்டைக்கிளவிக்குத் தனியே இலக்கணம் சொல்கிறது. வங்கத்தில் இரவீந்திரநாத் தாகூர், 1909இல் வெளிவந்த ‘சப்ததத்துவ’ நூலில், ஒலியைக் குறிக்கும் சொற்கள் ஒலியே இல்லாத உணர்வுகளையும் குறிக்க வங்கத்தில் வழங்குவதை ஆராய்ந்தார். எமனோ என்னும் அமெரிக்க மொழியியலாளர் 1969இல் எழுதிய கட்டுரையில், இத்தகைய சொற்களை இந்திய மொழிக் குடும்பங்கள் பலவற்றுக்கும் பொதுவான கூறாகக் காட்டினார். இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது; ‘குத்’ பிரிந்து நின்றும் பொருள் தரும். ஆகவே தமிழ் இலக்கணக் கண்ணுக்கு இது அடுக்குத்தொடருக்கு நெருங்கியதாகத் தெரியும். ஆனால் அடுக்கி வந்தபின் இது பெறும் அரிப்பும் நச்சரிப்பும் நம்முடைய ‘தொணதொண’, ‘நைநை’ ஆகியவற்றின் பக்கத்தில்தான் போய் உட்காருகின்றன.

வங்கத்தில் இதன் அண்டைவீட்டில் இன்னொரு சொற்குழு இருக்கிறது. அங்கே தகரத்துக்குப் பதில் டகரம். ‘குட்டே காவா’ என்றால் பறவை அலகால் ஒவ்வொரு மணியாகக் கொத்தித் தின்னுதல். ‘குட்டினாட்டி’ என்றால் ஒரு செய்தியின் நுணுக்கங்கள், சின்னச் சின்ன விவரங்கள். இது இழிவான சொல் அன்று. வரலாற்றாசிரியருக்கும் பதிப்பாசிரியருக்கும் ‘குட்டினாட்டி’ தெரிந்திருக்க வேண்டும். தகரத்தின் பக்கம் குறை. டகரத்தின் பக்கம் விவரம். இரண்டுக்கும் இடையே நா மடியும் அளவுதான் தொலைவு.

கொத்துதல், பொறுக்குதல், கிள்ளுதல் ஆகிய விரல் வேலைகளை ஒட்டிக் குறைகாணும் சொற்கள் பிறப்பது வேறு மொழிகளிலும் உண்டு. ஆங்கிலத்தில் ‘நிட் பிக்கிங்’ என்னும் வழக்கு 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவில் பரவியது. தலைமயிரில் ஒட்டிய ஈரை ஒவ்வொன்றாக எடுப்பது அதன் நேர்ப்பொருள். அதற்கு முந்தைய ‘கார்ப்’ என்னும் வினை, பழைய நார்வே மொழியில் தற்பெருமை பேசுதலைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. பறித்தல் என்னும் பொருளுடைய ‘கார்ப்பேரே’ என்ற இலத்தீன் வினையின் செல்வாக்கால்தான் அது குறைகூறுதலைக் குறிக்கலாயிற்று. ஒரு நூலிலிருந்து எடுத்தாளும் பகுதியைக் குறிக்கும் ‘எக்சர்ப்ட்’ என்ற சொல்லும் அதே இலத்தீன் வினையின் வழித்தோன்றல். மேற்கோளும் குறைகூறலும் ஒரே பறித்தலை நினைவூட்டும் சொற்கள்.

தமிழர் ஈரைப் பற்றிச் சொன்னது வேறு கோணம். ஈரைப் பேனாக்கி, பேனைப் பெருமாளாக்குவதாகச் சொல்வார்கள். ஆங்கில வழக்கு ஈரை எடுப்பவரின் கையைப் பார்க்கிறது. தமிழ்ப் பழமொழி எடுத்த ஈர் அவருடைய வாயில் எவ்வளவு பெரிதாகிறது என்று பார்க்கிறது. பேச்சு வழக்கில் ‘நொட்டை சொல்லுதல்’ என்கிறோம். நொட்டை என்றால் குறை. அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘நொள்ளை’ குருட்டுத்தன்மையைக் குறிக்கும். நொட்டை நொள்ளை சொல்பவர் எதைக் காணாமல் விடுகிறார் என்னும் கேள்வியை இந்த இணைச்சொல்லே எழுப்பிவிடுகிறது.

ஆனால் தமிழ் மரபு குற்றங்காணுதலை இழிவென்று ஒதுக்கிவிடவும் இல்லை. நன்னூல் ஒரு நூலுக்குரிய கொள்கைகளாகச் சொல்லும் ஏழனுள் ‘பிறர்நூற் குற்றங் காட்டல்’ ஒன்று. உடன்படலும் மறுத்தலும் போல அதுவும் அறிஞரின் உரிமை. அதே நன்னூல் நூலுக்குரிய குற்றம் பத்தையும் அழகு பத்தையும் தனித்தனியே எண்ணிச் சொல்கிறது. குற்றங்காட்டும் உரிமையைக் கொடுத்த நூல் அழகையும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஓரக்குறிப்பு எழுதுவோரில் பலர் முதற்பத்தை மட்டுமே படித்தவர்கள்.

இன்னொரு பக்கம், குற்றம் பார்த்துக்கொண்டே போனால் சுற்றம் எஞ்சாது என்று கொன்றைவேந்தனில் ஔவை எச்சரித்தார். வங்கப் பழமொழியும் அதைத்தான் சொல்கிறது: எத்தர்களைப் பொறுக்கி நீக்கப் புகுந்தால் ஊரே காலியாகிவிடும்.

வடமொழி வழியே வங்க எழுத்து வழக்குக்கு வந்த கடுமையான சொல் ஒன்றும் உண்டு: ‘சித்ரான்வேஷி’. இதிலுள்ள ‘சித்ர’ ஓவியத்தைக் குறிப்பதன்று. வெட்டுதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்த, துளை என்னும் பொருளுடைய வேறு சொல். சித்ரான்வேஷி என்றால் ஓட்டை தேடுபவர். குத்குத்தேயாக இருப்பவரைக் கண்டு சிரிக்கலாம். சித்ரான்வேஷியைக் கண்டு அஞ்ச வேண்டும். முன்னவருக்கு மனம் உறுத்துகிறது. பின்னவர் பகைவர் கோட்டையில் நுழைய வழி பார்க்கிறார்.

இச்சொல்லின் பின்பாதி கொல்கத்தாவில் பெரும்புகழ் பெற்றது. சரதிந்து பந்தோபாத்யாய் 1932 முதல் எழுதத் தொடங்கிய கதைகளின் நாயகர் பியோம்கேஷ் பக்ஷி, தம்மைத் துப்பறிவாளர் என்று சொல்லிக்கொள்ள விரும்பாமல் ‘சத்யான்வேஷி’ என்று சொல்லிக்கொண்டார். உண்மையைத் தேடுபவர் என்பது பொருள். ஓட்டை தேடுபவருக்கும் உண்மை தேடுபவருக்கும் தேடல் ஒன்றே. இருவரும் தரையில் குனிந்து தூசியைப் பார்ப்பார்கள். இருவர் கண்ணுக்கும் பிசகு தப்பாது. எதை நாடிக் குனிகிறார்கள் என்பதில்தான் வேறுபாடு.

அந்த வேறுபாட்டுக்குக் கொல்கத்தாவின் இலக்கிய வரலாற்றிலேயே ஓர் உண்மைக் கதை இருக்கிறது.

1924இல் இந்நகரில் ‘சனிபாரேர் சிட்டி’ என்னும் இதழ் தொடங்கியது. ‘சனிக்கிழமைக் கடிதம்’ என்பது பெயரின் பொருள். பின்னர் அதன் ஆசிரியரான சஜனிகாந்த தாஸின் பெயரோடு இணைத்தே அது நினைக்கப்படுகிறது. அன்றைய புது எழுத்தாளர்களின் படைப்புகளிலிருந்து வரிகளைப் பறித்துவந்து அச்சிட்டு எள்ளி நகையாடுவதில் அவ்விதழ் பேர்பெற்றது. நஸ்ருல் இஸ்லாமும் தாகூரும்கூட அதன் கூர்மைக்குத் தப்பவில்லை. எல்லாரையும்விட நெடுங்காலம் அடிபட்டவர்களுள் ஒருவர் ஜீவனானந்த தாஸ். 1932இல் ‘பரிச்சய’ இதழில் வெளியான அவருடைய ‘கேம்ப்பே’ என்னும் கவிதை ஆபாசமானது என்று சனிபாரேர் சிட்டி தாக்கியது.

ஜீவனானந்தர் கூச்ச இயல்பினர், ஆங்கில ஆசிரியர், நிலையான வேலை அமையாமல் நெடுநாள் தவித்தவர். விமர்சகர்களுக்கு அவர் தந்த விடை என்று சொல்லத்தக்கது ‘சமாரூட’ என்னும் கவிதை. இறந்த கவிஞர்களின் உடலைக் கிளறிப் பிழைக்கும் ஒரு பேராசிரியரை அதில் அவர் காட்டுகிறார். அந்தக் கிளறலுக்கு அவர் எடுத்தாண்ட வினை, முன்னே சொன்ன டகரத்துச் சொல்: ஒவ்வொன்றாகக் கொத்திப் பொறுக்குதல். இந்த வினையை ஒரு கவிஞர் எத்தனை வலியோடு கையாள முடியும் என்பதை ஆராய்ச்சித்துறையில் இருப்போர் அக்கவிதையில் பார்க்கலாம்.

1935இல் புத்ததேவ் போஸ் தொடங்கிய ‘கவிதா’ இதழைப் படித்த தாகூர், அதிலிருந்த ஜீவனானந்தரின் கவிதையைக் குறித்து எழுதிய மடலில் ‘சித்ரரூபமய’ என்னும் சொல்லை ஆண்டார். ஓவிய வடிவே ஆனது என்பது பொருள். வங்க எழுத்தில் இந்தச் ‘சித்ர’ வேறு, ஓட்டையைக் குறிக்கும் ‘சித்ர’ வேறு. தமிழ் எழுத்திலோ இரண்டும் ஒன்றாகவே எழுதப்படும். ஒருவரிடம் ஒரு கண் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்த காலத்தில் இன்னொரு கண் ஓவியத்தைக் கண்டது.

இதைக்கொண்டு சஜனிகாந்தரைச் சிறுமனத்தவர் என்று முடிவுகட்டுவது எளிது, அது நியாயமாகாது. அவரே பிரஜேந்திரநாத் பந்தோபாத்யாயுடன் இணைந்து, பங்கீய சாகித்ய பரிஷத்துக்காகப் பங்கிம்சந்திரர் முதலியோரின் நூல்களைப் பாடம் ஒப்பிட்டுப் பதிப்பித்தவர். வங்க உரைநடையின் வரலாற்றை எழுதியவர். பாட வேறுபாட்டை ஒப்பிடுவது, அச்சுப்பிழையைக் களைவது, ஆண்டைச் சரிபார்ப்பது ஆகிய எல்லாம் குட்டினாட்டி வேலை. வாழும் கவிஞரின் வரியைப் பறித்துவந்து சிரிக்க வைத்த அதே கண், மறைந்த ஆசிரியரின் வரியைப் பழுதில்லாமல் நிலைநிறுத்தவும் உதவியது. கூர்மை ஒன்றே; பயன் இரண்டு.

1954 அக்டோபர் 14ஆம் நாள் மாலை, தேசப்பிரிய பூங்காவுக்கு அருகே ராஷ்பிகாரி அவென்யூவில் ஜீவனானந்தரை ஒரு டிராம் வண்டி மோதியது. சம்புநாத் பண்டித் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டார். அவருக்கு நல்ல மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று ஓயாமல் அலைந்தவர்களுள் ஒருவர் சஜனிகாந்த தாஸ். மேற்கு வங்க முதலமைச்சராகவும் பேர்பெற்ற மருத்துவராகவும் இருந்த பிதான் சந்திர ராயை அவர்தாம் வற்புறுத்தி மருத்துவமனைக்கு வரச் செய்தார். அக்டோபர் 22ஆம் நாள் கவிஞர் இறந்துபோனார். பல புதினங்களும் நூற்றுக்கு மேற்பட்ட சிறுகதைகளும் அச்சேறாத கையெழுத்துப் படிகளாகப் பெட்டிகளில் கிடந்தன. வாழ்நாளில் அவர் அவற்றை ஏன் வெளியிடவில்லை என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்ல முடியாது. தம் எழுத்தைத் தாமே திரும்பத் திரும்பத் திருத்திய குத்குத்தேயாக அவர் இருந்தார் என்பது ஒன்று. வெளியே காத்திருந்த சிரிப்புக்கு அதில் பங்கு இருந்ததா என்று கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஆய்வாளர் தங்கியிருக்கும் தெருவிலிருந்து அந்த இடம் நடந்துபோகும் தொலைவுதான். நூலகத்திலிருந்து திரும்பிய அன்று தேசப்பிரிய பூங்காவைக் கடந்து லேக் மார்க்கெட்டுக்கு வந்தார். தமிழர் நெடுங்காலமாகக் குடியிருக்கும் பகுதியாதலால் கறிவேப்பிலையும் வாழையிலையும் அங்கே எளிதாகக் கிடைக்கும். ஒரு கட்டுக் கீரை வாங்கினார்.

அறைக்கு வந்து கீரை ஆயும்போதுதான் அவருக்கு அது உறைத்தது. ‘ஆய்தல்’ என்னும் வினையிலிருந்துதான் ‘ஆய்வு’ வந்தது, ‘ஆராய்ச்சி’யும் அவ்வழிதான். பல்கலைக்கழகங்களில் வழங்கும் இந்தச் சொல் சமையலறையில் இன்றும் தன் முதற்பொருளோடு வாழ்கிறது. கீரை ஆய்பவர் பழுத்த இலையை நீக்குகிறார், பூச்சி அரித்ததை நீக்குகிறார், முற்றிய தண்டை ஒடித்து எறிகிறார். கண்டிப்பில் அவருக்கு எந்தக் குத்குத்தேயும் இணையில்லை. ஆனால் ஆய்ந்து முடித்தபின் அவர் கையில் இருப்பது நல்ல கீரை. நீக்கிய இலைகளை எண்ணித் தாளில் குறித்துக் கீரை விற்றவளிடம் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக யாரும் கீரை ஆய்வதில்லை.

வங்கத்திலும் கீரையைத் தேர்ந்தெடுப்பதற்கும் பேன் எடுப்பதற்கும் ‘பாச்சா’ என்னும் ஒரே வினைதான். தலையில் பேன் பார்ப்பதும் அப்படித்தான். அது பகைவர் செய்யும் வேலை அன்று. தாயோ பாட்டியோ அக்காவோ மடியில் தலையைச் சாய்த்துவைத்துச் செய்வது. எடுத்த பேனை ஊருக்குக் காட்டுவதில்லை. நமைச்சல் தீர்ந்தால் போதும்.

அன்றிரவு ஆய்வாளர் கட்டுரையை மறுபடி திறந்தார். 43 குறிப்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒற்றுப்பிழைகளும் எழுத்து மயக்கங்களும் 29. அவற்றை அவரே சத்தமில்லாமல் திருத்தியிருக்கலாம். ஒரு மணி நேர வேலை. மேற்கோள் வடிவம் பற்றியவை 8. ஒரு மாதிரியைக் காட்டினால் மாணவியே மற்றவற்றைச் சரிசெய்துகொள்வாள். எஞ்சிய ஆறில் மூன்று, ‘பாட்டி சொன்னது சான்று ஆகாது’ என்னும் குறிப்புகள். அவை பிழை திருத்தம் அல்ல, பிழை. அச்சொற்களுக்குப் பாட்டியைத் தவிர வேறு சான்றே கிடையாது. எந்தத் தெருவில் எத்தனை ஆண்டு வாழ்ந்த, எந்த ஊரிலிருந்து வந்த பெண்மணி சொன்னது என்று எழுதினால் அதுவே கள ஆய்வின் சான்று. 17ஆம் சொல்லின் மேல் எழுதிய குறிப்பும் அப்படித்தான். ஆக, கட்டுரையின் உயிரைத் தொடும் கேள்விகள் இரண்டே இருந்தன.

இன்னொன்றையும் அவர் எண்ணினார். 43 குறிப்புகளுள், ‘இது நன்றாக இருக்கிறது’ என்று ஒன்றுகூட இல்லை. 62 சொற்களையும் மீண்டும் படித்தபோது, ஒரு குடும்பம் மூன்று தலைமுறையாக எந்த வேலைகளுக்கு வங்கத்தையும் எந்த உணர்வுகளுக்குத் தமிழையும் வைத்துக்கொண்டது என்பது தெளிவாகத் தெரிந்தது. சந்தையிலும் சமையலிலும் வங்கம். தாலாட்டிலும் சண்டையிலும் தமிழ். முதல் இரவில் அது அவர் கண்ணில் படவே இல்லை. அன்று அவர் கண் ஒற்றைத் தேடிக்கொண்டிருந்தது. சொன்னவர் இனி இல்லை. அந்தச் சொற்களைத் திரும்பக் கேட்டு எழுத முடியாது என்பதும் அப்போதுதான் அவருக்கு முழுமையாகப் புரிந்தது.

மறுநாள் மாணவியைத் தொலைபேசியில் அழைத்தார். சான்று பற்றித் தாம் எழுதியது தவறு என்று முதலில் சொன்னார். பிறகு, மின்னஞ்சலின் கடைசி வரியைப் பற்றிக் கேட்டார்.

“பொறுக்கவும் என்று எழுதியிருந்தாயே, எந்தப் பொருளில் எழுதினாய்?”

“மன்னிக்கவும் என்றுதான் அக்கா. பாட்டி யாருக்குக் கடிதம் எழுதச் சொன்னாலும் கடைசியில் அப்படித்தான் எழுதச் சொல்வார். வேறு பொருள் உண்டா?”

உண்டு. ‘பொறு’ என்பது தாங்கிக்கொள்ளுதல், மன்னித்தல். ‘பொறுக்கு’ என்பது ஒவ்வொன்றாக எடுத்தல். இலக்கணத்தில் இவை வெவ்வேறு வினைகள். செய என்னும் வாய்பாட்டு எச்சமாகும்போது இரண்டும் ‘பொறுக்க’ என்றே வந்து நிற்கின்றன. ‘பிழை பொறுக்க வேண்டும்’ என்று ஒருவர் எழுதினால், தமிழ் அதை இருவகையாகவும் படிக்க விடும். எடுப்பவரைக் குறிக்கும் பெயர்ச்சொல்லைப் பேச்சுத்தமிழ் வசையாக்கி வைத்திருக்கிறது. தாங்கிக்கொள்வதன் பெயரான ‘பொறை’யைத் திருக்குறள் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக்கி வைத்திருக்கிறது. ஆசிரியராகவும் நடுவராகவும் நெறியாளராகவும் இருப்போர் ஒவ்வொரு கட்டுரையைத் திறக்கும்போதும் இந்த ஒரே சொல்லின் முன்னால்தான் நிற்கிறார்கள். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. பொறுத்துக்கொண்டே இருந்தால் கட்டுரை தேறாது. பொறுக்கிக்கொண்டே இருந்தால் எழுதியவர் தேறமாட்டார்.

இதையெல்லாம் ஆய்வாளர் தொலைபேசியில் சொல்லவில்லை. “இரண்டு பொருள் உண்டு. நான் ஒன்றை மட்டும் படித்துவிட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

கருத்தரங்கின் பட்டியல் அதற்குள் அச்சாகிவிட்டது. மாணவியின் பெயர் அதில் இல்லை. அதை இனி மாற்ற முடியாது. அடுத்த கருத்தரங்குக்கு அனுப்புவாயா என்று கேட்டபோது மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பார்க்கலாம் என்றாள். பிறகு, ஏதோ நினைவுக்கு வந்தவளாய்ச் சொன்னாள்: “பாட்டி சொன்னதை எழுதிய இன்னொரு நோட்டு இருக்கிறது அக்கா. எழுத்துப்பிழை இன்னும் நிறைய இருக்கும் என்று அதைக் காட்டவில்லை.”

மறு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டு லேக் மார்க்கெட் அறைக்கு வந்தது. ஆய்வாளர் அதை முதற்பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். பேனாவை மூடியே வைத்திருந்தார்.